கண்டெக்டர் அப்பாசாமியின் கிட்டார்

என் வீட்டுக்காரர் பேர் அப்பாசாமி. மலாக்கா டவுனிலிருந்து சுங்கை ஊடாங் போகிற பஸ்ஸில் கண்டெக்டர். இந்தப் பேரையும் இந்த வேலையையும் வைத்துக்கொண்டு, அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் பாட்டைக் கிட்டாரில் வாசிக்கக் கற்றுக்கொண்டார். கேட்டால் இன்றைக்கும் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான். சிரித்ததோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

நாடு சுதந்திரம் வாங்கிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. சுங்கை ஊடாங் பக்கம் இருந்த முகாமில் வெள்ளைக்காரப் பட்டாளம் இன்னும் கிளம்பவில்லை. சனிக்கிழமை ஆனால் சிப்பாய்கள் இவருடைய பஸ்ஸில் ஏறி டவுனுக்கு வருவார்கள். அவர்களில் ஒருவன் மடியில் பெட்டி மாதிரி ஒரு ரெகார்டு பிளேயரை வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். ஓடுகிற பஸ்ஸில் அது பாடியது, குதித்தது, மறுபடி பாடியது. இவர் டிக்கெட் கிழிக்க மறந்து நின்றிருக்கிறார். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "ஓய் அப்பாசாமி, சாமி வந்துருச்சா?" என்று கேட்டாராம். அன்று வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கூடக் கழற்றாமல், "கோகிலா, அந்தக் கிட்டாரு கத்தலடி, பேசுது" என்றார். எனக்கு முப்பது வயது, அவருக்கு முப்பத்தாறு. "பேசுனா சோறு பொங்குமான்னு கேட்டுட்டு வாங்க" என்றேன்.

ஊருக்குக் கிளம்பின ஒரு சிப்பாயிடமிருந்து பழைய கரண்டு கிட்டார் ஒன்று வாங்கினார். வயரில் அதை மாட்டிச் சத்தத்தைப் பெரிசாக்குகிற பெட்டி வாங்கவில்லை. பெட்டி இல்லாத கரண்டு கிட்டாரில் சத்தம் என்று சொல்ல ஒன்றும் வராது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து, காஜா பெராங்கில் எங்கள் பலகை வீட்டுக் கூடத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, சரக் சரக் என்று தேய்ப்பார். நான் அடுப்படியிலிருந்து, "தேங்கா துருவுறதா இருந்தா இங்க வந்து துருவுங்க, குழம்புக்காவது ஆவும்" என்பேன். அவருக்குக் கோபம் வராது. அந்தக் குணத்தை நான் சாகிற வரைக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்த அப்துல் கய்யூம், கல்யாணங்களுக்கு வாசிக்கிற ஒரு பேண்டும் வைத்திருந்தார். அவர் டிரம். கடையின் பின்னறையில் ரெகார்டு பிளேயர் இருந்தது. இவர் வேலை முடிந்ததும் அங்கே போய் ஒரே ரெகார்டை இருபது தடவை போட்டுக் கேட்பார். முதல் ஆறு மாதம் எல்லாவற்றையும் தப்பாகவே கற்றார். ஆறு கம்பியையும் சேர்த்து இழுத்து ஜல் ஜல்லென்று நிறுத்தாமல் அடித்தார். கய்யூம் பாய் காதைப் பொத்திக்கொண்டு, "இது சோலா, மார்கழி மாச பஜனையா?" என்று கேட்டாராம்.

பிறகுதான் பிடிபட்டது. அடியில் இருக்கிற மெல்லிய மூன்று கம்பிதான் வேலை செய்யும். வலது கை விசிறி மாதிரி மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்க வேண்டும், நிற்கக் கூடாது. ஆனால் இடது கைவிரலை அழுத்தாமல் தொட்டபடி வைத்தால் கம்பி வாயை மூடிக்கொள்ளும். அழுத்துகிற அந்த ஒரு நொடியில் மட்டும் 'சக்' என்று ஒரு சத்தம். மறுபடி மூடிக்கொள்ளும். டிரம்காரர் இரண்டாவது அடி, நாலாவது அடி என்று போடுகிற இடத்தில் இந்த 'சக்' போய் உட்கார வேண்டும். ஒரு முடி முந்தினாலும் பாட்டு நொண்டும்.

இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் முன்னால் உட்கார்ந்து, விரலைக் காட்டி, தெளிவாகச் சொன்னார்.

"அடிக்காத இடம்தான் கோகிலா முக்கியம். சும்மா இருக்கத் தெரியணும்."

"சும்மா இருக்கறதுக்கா ஒன்றர வருஷம் படிச்சீங்க?"

விரல் நுனியெல்லாம் வெடித்து, குழம்பில் கை வைத்தால் எரியும் என்று கரண்டியால் சாப்பிட்டார். நான் அதற்கும், "தொரைக்கு முள்கரண்டி வேணுமா?" என்றேன். பஸ்ஸில் கூட்டம் இல்லாதபோது டிக்கெட் குத்துகிற கருவியைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கட்டை ஆட்டிப் பழகுவாராம். நாளடைவில் அந்தத் தேய்க்கிற சத்தம் இல்லாவிட்டால்தான் எனக்கு என்னவோ போல் இருந்தது. அதை அவரிடம் நான் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில் கய்யூம் பாய் பேண்டின் கிட்டார்காரன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். முகாமில் சனிக்கிழமைதோறும் நடக்கிற டான்சுக்கு வாசிக்க பாய்க்கு ஆள் வேண்டும். என் தங்கை விஜயாவின் கல்யாண விருந்துக்கு அவர்கள்தான் பேண்டு. பாய் என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "கல்யாணத்துல கடைசி மூணு பாட்டு நீங்க வாசிங்க. மூணும் சோலு. சுத்தமா வந்துச்சுன்னா சனிக்கெழமலேர்ந்து நீங்கதான்."

அந்த வாரம் முழுக்க அவர் சரியாகத் தூங்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று, "நான் இதுவரைக்கும் வேணும்னு கேட்டது இது ஒண்ணுதான்" என்றார். உண்மைதான். கண்டெக்டர் வேலையை அவருடைய அப்பா பார்த்து வைத்தார். என்னையும் அவர்தான் பார்த்து வைத்தார்.

கல்யாண வீட்டு வாசலில் கூடாரம் போட்டு, பலகை அடுக்கி மேடை கட்டியிருந்தார்கள். என் அண்ணன் சேதுராமன், வீட்டு மூத்த மாப்பிள்ளையான இவருக்குப் போர்த்த ஒரு ஜரிகைத் துண்டு வாங்கி மடித்து வைத்திருந்தார். அண்ணனுக்குக் கிட்டாரும் தெரியாது, சோலும் தெரியாது. மாப்பிள்ளை மேடை ஏறினால் மச்சான் துண்டு போர்த்த வேண்டும், அது தெரியும்.

முதல் பாட்டு தொடங்கியது. பாடுகிறவன் உருகினான். டிரம் அதிர்ந்தது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடி நின்றார். கை மேலும் கீழும் போகிறது, சத்தம் மட்டும் எப்போதோ ஒரு 'சக்'. அவர் அடிக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை.

என் அப்பாவின் தங்கை அஞ்சலை அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வாயில் வெற்றிலை.

"ஏண்டி கோகிலா, உன் வூட்டுக்காரரு எப்ப வாசிப்பாரு?"

"வாசிச்சிக்கிட்டுதான் இருக்காரு அத்த."

"இதுவா? கம்பிக்கு அரிப்பு எடுத்தா மாதிரி அங்க ஒண்ணு இங்க ஒண்ணு சொறிஞ்சி விடறாரு. மறந்துட்டாரு போலருக்கு, பாவம்."

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். விஜயாவின் மாப்பிள்ளை வீட்டுக்காரி ஒருத்தி, "கூட்டத்துக்கு ஆள் கணக்கு காட்ட நிக்க வச்சிருப்பாங்க லா" என்றாள். இரண்டாவது பாட்டும் அப்படியே போனது. என் அண்ணன் துண்டை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அடிக்காத இடம்தான் முக்கியம் என்று அவர் சொன்னது அந்த நேரம் எனக்கு ஞாபகம் இல்லையா? இருந்தது. இருந்தும் நான் நம்பியது அத்தையைத்தான்.

இரண்டாவது பாட்டு முடிந்ததும் பேண்டுக்காரர்கள் தண்ணீர் குடித்தார்கள். கிட்டார் வயரை மாட்டியிருந்த சத்தப் பெட்டி மேடைக்குப் பின்னால், சமையல் பக்கம் போகிற வழியில் இருந்தது. நான் ஜக்கை எடுத்துக்கொண்டு போகிற மாதிரி போனேன். பெட்டியில் நாலு திருகு இருந்தது. எது சத்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்? நாலையும் கடைசிவரைக்கும் திருகிவிட்டு வந்து உட்கார்ந்தேன். இப்போது கேட்கட்டும் எல்லாருக்கும் என்று நினைத்தேன்.

மூன்றாவது பாட்டைக் கிட்டார்தான் தொடங்க வேண்டும். கய்யூம் பாய் குச்சியைத் தட்டி நாலு எண்ணினார். இவர் கையை இறக்கினார்.

பலகை மேடை ஆடியது. 'சக்' இல்லை அது, தகரக் கூரையில் தென்னை மரம் விழுந்த சத்தம். அவர் பயந்து கம்பியை விட்டார். விட்டதும் பெட்டி கீ என்று ஊளையிட்டது. குழந்தைகள் வீறிட்டன. அவர் ஓடிப் போய்ப் பெட்டிமேல் குனிந்தார். கிட்டாரோடு கிட்டே போகப் போக ஊளை கூடியது. பழக்கம் இல்லாத பெட்டி, எந்தத் திருகைக் குறைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் பாய் எழுந்து வந்து வயரைப் பிடுங்கினார்.

"என்ன அப்பாசாமி, இது கல்யாண வூடா கப்பல் பட்டறையா? எறங்குங்க."

எல்லார் முன்னாலும்தான் சொன்னார். மூன்றாவது பாட்டைக் கிட்டார் இல்லாமலே வாசித்தார்கள். அண்ணன் துண்டை மறுபடி பைக்குள் வைத்தார். என் வீட்டுக்காரர் இறங்கி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தை எட்டிப் பார்த்து, "மொதல்ல சத்தமே இல்ல, அப்பறம் ஒரேயடியா அள்ளி வுட்டுட்டீங்களே" என்றார். நான் வாயைத் திறந்தேன். சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"நான் அப்பவே சொன்னேன் அத்த, இதெல்லாம் இவருக்கு ஒத்து வராதுன்னு."

அதோடும் விடவில்லை. அடுத்த ஒரு வாரம் வீட்டில் அவரைப் பிடித்துக் காய்ச்சினேன். தங்கச்சி கல்யாணத்தைக் கெடுத்துட்டீங்க, மானம் போச்சு என்றெல்லாம் பேசினேன். எவ்வளவு சத்தமாகப் பேசினேனோ அவ்வளவுக்கு உள்ளே இருந்தது அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. கிட்டார் பீரோ மேல் போய் உட்கார்ந்தது. சாயங்காலத்தில் வீடு செத்த வீடு மாதிரி இருந்தது.

எட்டாம் நாள் ஜவுளிக்கடைக்குப் போனேன். கய்யூம் பாய் பொம்பளைகளுக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்க தைரியம் போதவில்லை. அவர்கள் முன்னாலேயே சொன்னேன்.

"பாய், அந்தத் திருகை அவர் தொடல. நான்தான் திருகுனேன்."

பாய் சேலையை விட்டுவிட்டார். "என்னா தங்கச்சி இது? அவரு என்கிட்ட, 'கை தவறித் திருப்பிட்டேன் பாய், மன்னிச்சிக்குங்க'ன்னுல்ல சொன்னாரு?"

"மறுபடி ஒரு தடவ வாசிக்க வுட்டுப் பாருங்க பாய்."

"பத்து பெரெண்டாம் ஊருப் பையன் ஒருத்தனுக்கு வாக்குக் குடுத்துட்டேன். போன சனிக்கெழம வாசிச்சும் முடிச்சிட்டான்." அவர் சேலையை எடுத்து மடித்தார். "அந்த மொத ரெண்டு பாட்டு இருக்கே, அந்தப் பையனுக்கு அவ்ளோ சுத்தமா வராது. நீங்க கேட்டீங்களா அத?"

கேட்டேன் என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவர் செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"தெரியும். நீ ஜக்கோட போனத மேடையிலேர்ந்து பாத்தேன். தண்ணிதான் எடுக்கப் போறன்னு நெனச்சேன். அப்பறம்தான் புரிஞ்சிச்சு."

"தெரிஞ்சும் ஒரு வாரமா நான் திட்டறத கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"எப்ப நிறுத்துவன்னு பாத்தேன்." ஆணியை ஓங்கி அடித்தார். "உன் அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடு. அவரு என்னைப் பாக்கற பார்வ சரியில்ல."

ஞாயிற்றுக்கிழமை புக்கிட் காதிலில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். நான் உட்காருவதற்குள் அண்ணன், "மாப்ள கிட்டார வித்துட்டாரா இல்லியா?" என்று கேட்டுச் சிரித்தார். அண்ணியும் சிரித்தாள். நானும் கூடச் சிரித்துவிட்டுக் கோப்பி குடித்துவிட்டு வந்தேன். வீட்டில் அவர், "சொன்னியா?" என்றார். "சொல்லிட்டேன்" என்றேன். அன்று சாயங்காலம் பீரோ மேலிருந்து கிட்டாரை இறக்கித் துடைத்தார். நான் சொன்ன பொய்யை நம்பி இறக்கினார்.

மூன்று மாதம் கழித்து அண்ணன் மகளுக்குக் காது குத்து. பந்தியில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் ரசவாளியோடு அவர் இலை வரைக்கும் வந்திருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அண்ணன் கூப்பிட்டுச் சொன்னார்: "மாப்ள, சாப்பிட்டுட்டு ஒரு பாட்டு வாசிக்கறீங்களா? காதுல பஞ்சு வச்சிக்கறோம்!" பந்தி முழுக்கச் சிரித்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. பஸ்ஸில் செல்லாத டிக்கெட்டை நீட்டினவனைப் பார்ப்பார்களே, அது.

வாளியைக் கீழே வைத்தேன். "அண்ணே, அன்னைக்குப் பெட்டியத் திருகுனது நான். இவரு இல்ல. இவரு ஒழுங்காத்தான் வாசிச்சாரு. எனக்குத்தான் கேக்கத் தெரியல. கேவலமா இருக்குன்னு நெனச்சி நாலு திருகையும் திருகி வுட்டது நான்" என்று சத்தமாகச் சொன்னேன்.

அப்புறம் அஞ்சலை அத்தை உள்ளேயிருந்து வந்து என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தார்.

"பாத்தீங்களாடி? புருஷன் தப்ப தன் தலையில போட்டுக்கறா பாரு. வாயிதான் நீளம், மனசு தங்கம்."

"இல்ல அத்த, நெசமாவே நான்தான்..."

"போதும் போதும், நம்பிட்டோம்" என்றார் அண்ணன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு. "மாப்ள, குடுத்து வச்சவரு நீங்க."

நான் இரண்டு தடவை, மூன்று தடவை சொன்னேன். சொல்லச் சொல்ல என்னை மெச்சினார்கள். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் புதுப்பெண்களுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்றால் என்னைத்தான் காட்டுகிறார்கள். அவர் இன்றைக்கும் சாயங்காலத்தில் அந்த மூன்று கம்பியைத் தேய்க்கிறார். பெட்டி இல்லாமல்தான். எந்த மேடைக்கும் அவரை யாரும் கூப்பிடவில்லை.

அன்று பந்தியில் அவர், எல்லாரும் என்னைப் பாராட்டி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு சோற்றில் குழி பறித்து, "ரசம் ஊத்து" என்றார்.

ஊற்றினேன்.