ஓட்டை எந்தப் பக்கம்

மைத்துனன் கடையை விட்டுப் போன அந்த வெள்ளிக்கிழமையிலும் போன் கவர் விற்கும் கவர்க்காரரின் சட்டைப்பையில் ஓர் அட்டைப் போன் இருந்தது. சந்தைக்கு இன்னும் வராத மலிவு விலைப் போன் ஒன்றின் நீள அகலத்தை எங்கெங்கோ விசாரித்து, பழைய சட்டைப் பெட்டியின் அட்டையை அடுக்கி ஒட்டி, அவரே வெட்டியது. பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று அதை எடுத்துக் காதில் வைப்பார். கட்டைவிரலால் விளிம்பைத் தடவுவார். "பட்டன் இங்கதான் வரும். விரல் தானா எங்க போய் நிக்குதோ அங்கதான் வைப்பான். கம்பெனிக்காரனுக்கும் நம்ம மாதிரி ஒரு கைதானே."

அவருடைய கடை, இரண்டு பெரிய கடைகளுக்கு நடுவே யாரோ மறந்துவிட்டுப் போன இடைவெளி போல இருக்கும். மூன்று சுவரிலும் கொக்கி, கொக்கிதோறும் கவர். கொஞ்சம் தடித்தவர் உள்ளே வந்தால் திரும்பாமல் அப்படியே பின்னால் நடந்துதான் வெளியே போக வேண்டும். விலை உயர்ந்த போன்களின் கவர் ஒன்றுகூட அங்கே தொங்காது. கேட்டால் சிரிப்பார். "அந்தப் போன் வாங்குறவங்க அத மெத்தையில வச்சிருப்பாங்க. நம்ம போன் பஸ்ல விழும், பாத்ரூம்ல விழும், கொழந்த கையிலேருந்து விழும். விழுந்தா அடுத்தது வாங்க வழி கெடையாது. அதான் போன் வாங்குன அன்னிக்கே கவர் வாங்குவாங்க."

வாங்கின அன்றைக்கே. தொழிலின் உயிர் அதில்தான் இருந்தது. போன் வெளியாகும் நாளில் கவர் கொக்கியில் தொங்க வேண்டும். மறுநாள் தொங்கினால் எதிர்க்கடைக்காரர் முந்திவிடுவார். அதற்கு, போனை யாரும் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, கவரை அச்சில் வார்த்துத் தரும் அச்சுக்காரரிடம் சொல்லிவிட வேண்டும்: கேமராவுக்கு ஓட்டை இடமா வலமா, சார்ஜர் துளை எவ்வளவு அகலம், இயர்போன் துளை இருக்குமா, எடுத்துவிட்டார்களா. பிறக்காத பிள்ளைக்குச் சட்டை தைக்கிற வேலை.

அந்த வேலையை அவரும் மைத்துனனும் சேர்ந்து செய்த காலம் ஒன்று இருந்தது. மத்தியானம் தெரு ஓய்ந்ததும் இருவரும் ஆளுக்கோர் அட்டைப் போனை வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்காருவார்கள்.

"மாமா, இந்த தடவ கைரேகைய பின்னாடியிலேருந்து எடுத்துடுவான். பக்கத்துல வைப்பான்."

"வச்சா இடது கைக்காரன் என்ன பண்ணுவான், மாப்ள?"

"அவன் நம்ம கடைக்கு வந்து திட்டுவான்."

தோற்றவர் டீ வாங்க வேண்டும் என்பது பந்தயம். யார் தோற்றார் என்பது போன் வெளியாகும்வரை தெரியாது என்பதால் தினமும் இருவருமே வாங்கினார்கள். குடித்த டீயில் பாதி, வராமலே போன போன்களுக்காகக் குடித்தது. முதுகைக் கழற்றி பேட்டரியை மாற்றலாம் என்றிருந்த போன்களைப் பற்றி கவர்க்காரர் பேசத் தொடங்கினால், கூடப் படித்தவர்களைப் பற்றிப் பேசுவது போலிருக்கும். "ஒவ்வொண்ணுக்கும் ஒரு மூஞ்சி இருந்துச்சு. இப்ப எல்லாம் ஒரே கண்ணாடித் துண்டு. முதுகப் பாத்தாத்தான் யாருன்னு தெரியுது."

அந்த முதுகுதான் கவிழ்த்துவிட்டது. வெளிவர இருந்த போனின் படம் ஒன்று மைத்துனன் கைக்கு வந்தது. யாரோ கையில் பிடித்திருக்க, பின்பக்கம் பளிச்சென்று தெரிந்தது. கேமரா வலப்பக்கம். கவர்க்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "கெட்டிக்காரன்டா நீ," என்று மைத்துனனின் முதுகில் தட்டினார். அன்றே அச்சுக்காரருக்குச் சொல்லியாயிற்று.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. முதலில் வந்த தையற்காரர் புதுப்போனைக் கவருக்குள் நுழைத்துத் திருப்பினார். கேமரா இடப்பக்கம் மூடிக்கிடந்தது. வலப்பக்க ஓட்டையில் வெறும் முதுகு தெரிந்தது. "மாப்பிள்ளைக்குத் தச்ச சட்டைய மாமனாருக்கு மாட்டுன மாதிரி இருக்கே," என்றார். கடைக்குள்ளும் வாசலிலும் நின்றவர்கள் சிரித்தார்கள். கவர்க்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "இவன் பேச்ச நம்பி ஆர்டர் போட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்," என்று எல்லோரும் கேட்கச் சொன்னார்.

மைத்துனன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி வெளியே போனான். சாயங்காலம் ஊரிலேயே இல்லை.

அன்றிரவு அந்தப் படத்தைக் கவர்க்காரரின் மனைவி வாங்கிப் பார்த்தாள். "ஏங்க, இது கண்ணாடி முன்னாடி நின்னு எடுத்ததுங்க. பின்னாடி காலண்டர்ல நம்பரெல்லாம் எடம் வலமா மாறியிருக்கு பாருங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீங்களும்தான பாத்தீங்க?" என்றாள். அவர் கைகழுவப் போய்விட்டார்.

விற்காத கவர்களை அவள் வீணாக்கவில்லை. சோப்பு வைக்கக் கொடுத்தாள். கேமரா ஓட்டை வழியாகத் தண்ணீர் வடிந்துவிடும். அக்கம்பக்கத்துக் குளியலறைகளிலெல்லாம் இன்றைக்கும் அந்தப் போனின் சட்டையில்தான் சோப்பு உட்கார்ந்திருக்கிறது.

அதன் பிறகும் ஒவ்வொரு புதுப்போனுக்கும் அவர் அட்டை வெட்டினார். வருகிறவர்களிடமெல்லாம் வாதாடினார். "அங்கிள், அதெல்லாம் நெட்லயே போட்டுட்டான்," என்றாள் கல்லூரிப் பெண் ஒருத்தி. "போட்டவன் கவர் விக்கிறானாம்மா?" என்றார் அவர். ஆனால் பேச்சில் இருந்த தைரியம் ஆர்டரில் இல்லை. போன் வெளியாகி, ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்த பிறகே அச்சுக்காரருக்குச் சொன்னார். முதல் நாள் கூட்டம் எதிர்க்கடையில் நின்றது. இவர் கடையில் நின்றவர்கள், போன வருடத்துப் போன்காரர்கள்.

வெளியூர்க் கிடங்கு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்த தம்பியிடம் அவள் வாரந்தோறும் பேசுவாள். கணவர் அறைக்குள் வந்தால் பேச்சு "சாப்பிட்டியா"வுக்குச் சுருங்கிவிடும். அவள் போனை வைத்ததும் அவர் கேட்பார்:

"இப்ப எந்தப் போன் வச்சிருக்கானாம்?"

"அதே பழசுதான்."

"அதுக்குப் பேட்டரி நிக்காதே," என்பார். வேறு எதுவும் கேட்கமாட்டார்.

"நீங்களே பேசி ஒண்ணு வாங்கிக்கச் சொல்லுங்களேன்," என்று ஒருமுறை அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் அட்டையின் மூலையைக் கத்தரிக்கோலால் வளைவாக வெட்டிக்கொண்டிருந்தார். மூலை சரியாக வரும்வரை நிமிரவில்லை.

வருடங்கள் போயின. அடுத்த மலிவு விலைப் போனைப் பற்றி மறுபடியும் சந்தை இரண்டாகப் பிரிந்திருந்த ஒரு முற்பகல். கேமரா இடம் என்றார் எதிர்க்கடைக்காரர். வலம் என்றார்கள் மற்றவர்கள். கவர்க்காரர் கடையில் நாலைந்து பேர் நெருக்கியடித்து நின்று அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது அவருடைய போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது.

"மாமா, அடுத்த மாடல்ல கேமரா நடுவுல வருதாம். படம் எதுவும் கெடைக்கல. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

அவர் அதைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். யாரோ நீலக் கவர் கேட்டார்கள், காதில் விழவில்லை. அச்சுக்காரரைக் கூப்பிட்டார்.

"கேமராவுக்கு நடுவுல ஓட்டை போட்டுடுங்க. ஆமா, இன்னிக்கே."

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். கவர்க்காரர் கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"படமெல்லாம் இல்லீங்க. என் மச்சினன் சொல்லிட்டான்."