பையில் உள்ளதே ஃபிளாப்பியில்

மொத்தத் தபால் தொழிலில் கடிதத்தைவிட, அந்தக் கடிதத்தைப் பற்றி எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்குத்தான் மரியாதை அதிகம்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் நான் ராயபுரத்துச் சந்து ஒன்றில் இருந்த தபால் அனுப்பும் கம்பெனியில் வேலை பார்த்தேன். கடைகளின் விலைப்பட்டியல், ஆடித் தள்ளுபடி அறிவிப்பு, சங்கங்களின் ஆண்டறிக்கை என்று நீங்கள் பிரிக்காமலே டிவி மேல் போட்டுவைத்த உறைகளில் பாதி எங்கள் கைப்பட்டவையாக இருக்கலாம். நாங்கள் ஸ்டாம்ப் ஒட்டுவதில்லை. உறையிலேயே முத்திரையை அச்சடித்து, கட்டணத்தை மொத்தமாகச் செலுத்தி, பைகளைத் தபால் அலுவலகத்தில் ஒப்படைப்போம். கூடவே எந்தப் பின்கோடுக்கு எத்தனை கடிதம், ஒரு கடிதம் எத்தனை கிராம் என்ற விவரமும் போக வேண்டும். அதுவரை கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த அந்த விவரத்தை இனி ஃபிளாப்பியில் தரலாம் என்று எங்களுக்குத் தற்காலிக அனுமதி கிடைத்தது. அந்த ஃபிளாப்பியைத் தயாரிப்பதற்காகவே கணிதத்தில் பட்டம் வாங்கிய என்னை எடுத்தார்கள்.

நான் கூச்ச சுபாவம். திருவொற்றியூர் பஸ்ஸில் "இறங்கணும், வழி விடுங்க" என்று சொல்ல வெட்கப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தவள். கம்ப்யூட்டரிடம் வாய் திறக்க வேண்டாம் என்ற ஒரே காரணத்துக்காக இந்த வேலையில் சேர்ந்தேன். கம்ப்யூட்டரில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இருக்க, நடுவில் நின்று திட்டு வாங்கிய அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

நிபந்தனை

சேர்ந்த அன்றே ஓனர் தயாளன் சார் தபால் துறையின் விதிப் புத்தகத்தை என் கையில் கொடுத்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஃபிளாப்பியில் இருப்பதும் பையில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். மார்ச் மாதம் முடிவதற்குள் மூன்று தடவை சரக்கு திரும்பி வந்தால் அனுமதி ரத்து, பழையபடி கையெழுத்துதான். அப்போது கம்ப்யூட்டர் எதற்கு, நான் எதற்கு? நான் கேட்கவில்லை. என் முகம் கேட்டிருக்க வேண்டும். அவர் மிகவும் பெரிய மனதோடு ஆறுதல் சொன்னார்.

"பயப்படாதம்மா, வேலைய வுட்டுத் தூக்க மாட்டேன். கேன்வாசிங்ல போட்டுடறேன். மண்ணடி ஃபுல்லா கடை கடையா ஏறி நாலு வார்த்த பேசி ஆர்டர் புடிக்கணும், அவ்ளோதான்!"

மூலையில் ஒரு ஓட்டை

எங்கள் பேக்கிங் பெண்களுக்குத் தலைவி கஸ்தூரி அக்கா. காத்திவாக்கத்திலிருந்து தினமும் வருவார். சிறு வயதிலிருந்து வலை முடைந்த விரல்கள். கடிதக் கட்டைச் சணலால் சுற்றி அவர் ஒரு முடிச்சுப் போட்டால் அது கட்டாகவே பிறந்தது போல இருக்கும். முதல் சரக்கு கிளம்பிய அன்று ஃபிளாப்பியை அவர் கையில் கொடுத்து, எனக்கே கேட்காத குரலில், "இதையும் பையோட அனுப்பிடுங்கக்கா" என்றேன். அனுப்பினார். ஊர்ப் பெயர் எழுதிய அட்டையைப் பையின் கழுத்தில் கட்டுவோம் அல்லவா, அதே கயிற்றில் ஃபிளாப்பியையும் கோத்து, வலை முடிச்சாக இறுக்கி அனுப்பினார்.

தபால் அலுவலகத்தில் மொத்தத் தபால் கவுண்ட்டருக்குப் பொறுப்பாளர் பத்மநாபன் சார். நகத்தால் பார்த்தாராம், சாவியால் பார்த்தாராம், பல் நன்றாக இருந்த ஒரு சிப்பந்தியையும் கூப்பிட்டுப் பார்த்தாராம். ஃபிளாப்பியைப் படிக்காமல் பையை வாங்கக் கூடாது. கயிற்றை அறுக்காமல் ஃபிளாப்பி வராது. கயிறு அறுந்த பையையும் வாங்கக் கூடாது. எல்லா விதிகளுக்கும் கீழ்ப்படிந்து அவர் பையைத் திருப்பி அனுப்பினார். கணக்கில் ஒன்று விழுந்தது. நான் கண் கலங்கி நின்றதைப் பார்த்த கஸ்தூரி அக்கா, இரண்டே விரலால் முடிச்சைத் தளர்த்தி, ஃபிளாப்பியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"இன்னா பாப்பா நீ! கட்றதுக்கு இல்லன்னா இன்னாத்துக்கு மூலைல ஓட்ட போட்டு வித்துகினு கீறான்?"

கிராம் கணக்கு

வண்ணாரப்பேட்டை காதர் பாய் பூட்டு, தாழ்ப்பாள் மொத்த வியாபாரி. மாதம் ஒரு விலைப்பட்டியல் அனுப்புவார். தாள், உறை, பசை எல்லாம் சேர்ந்து இருபது கிராமுக்குள் நிற்கும். தாண்டினால் கட்டணம் ஒரு படி ஏறிவிடும். ஐப்பசியில் ஒரு நாள் நான் நிறுத்துப் பார்த்தபோது சரியாக இருந்தது. ஃபிளாப்பியில் ஏற்றினேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது. வண்டி வராமல் உறைகள் எங்கள் கிடங்கிலேயே கிடந்தன. ஜன்னலுக்குக் கதவில்லாத கிடங்கு; அந்தப் பக்கம் கடல். காற்றிலிருந்த ஈரத்தையெல்லாம் காகிதம் குடித்துக் கொழுத்து, பத்மநாபன் சாரின் தராசில் இருபதைத் தாண்டி நின்றது. இரண்டாவது முறையும் திரும்பியது. மண்ணடி எனக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்தது.

எடையை மாற்றி எழுதலாம் என்று நினைத்தேன். கூடுதல் கட்டணத்தை யார் கொடுப்பது? தயாளன் சார் வேறு வழி கண்டுபிடித்தார். வெயில் அடித்த முதல் நாள் எல்லா உறைகளையும் மாடியில் பாய் விரித்துக் காயப்போடச் சொன்னார். பக்கத்து வீட்டு மாடியும் எங்கள் மாடியும் ஒட்டியவை. நல்ல வெயிலை வீணாக்கக் கூடாது என்று அவர்களும் அன்றைக்கே நெத்திலியைக் காயப்போட்டிருந்தார்கள். நான் ஒரு குச்சியோடு உட்கார்ந்து இரண்டு மாடிகளுக்கும் சேர்த்துக் காக்கை விரட்டினேன். சாயங்காலம் எடை இறங்கிவிட்டது. ஃபிளாப்பியும் தராசும் அண்ணன் தம்பிபோல ஒத்துப்போயின. பத்மநாபன் சார் மூக்கை மட்டும் லேசாகச் சுளித்துவிட்டு வாங்கிக்கொண்டார். வாசனையைப் பற்றி விதிகளில் எதுவும் இல்லை. பத்து நாள் கழித்துக் காதர் பாய் நேரில் வந்தார்.

"ஏம்மா, நான் பூட்டு யாவாரிம்மா. ஆரணிலேர்ந்து ஒரு கடைக்காரர் போன் போட்டு, 'பாய், நெத்திலி எப்பலேர்ந்து?'ங்கறாரு. நான் இன்னான்னு சொல்றது?"

நடுவில் ஒரு சுவர்

ஒரே முகவரிக்கு இரண்டு கடிதம் போகக் கூடாது என்பதும் விதி. சென்னையில் அப்போது ஒவ்வொரு வாசலிலும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு பலகைகள் இருந்தன. பழைய எண்ணில் ஒரு தடவையும் புதிய எண்ணில் ஒரு தடவையுமாக ஒரே ஆளுக்கு இரண்டு உறை போய்க்கொண்டிருந்தது. நான் ஒரு வாரம் உட்கார்ந்து, தெருவாரியாக இரண்டு எண்களையும் பொருத்தி, இரட்டைகளைத் தானாகவே நீக்கும்படி செய்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பேச வேண்டியிருக்கும்.

அந்த மாதம் வியாசர்பாடியிலிருந்து ஒரு இரும்புச் சாமான் கடைக்காரர், காதர் பாயின் விலைப்பட்டியல் தனக்கு வரவில்லை என்று கோபமாக வந்து நின்றார். தேடிப் பார்த்தேன். அவருடைய கடையின் பெயரும் தெருவும் அப்படியே இன்னொரு வரியிலும் இருந்தன. பழைய எண் ஒன்றில், புதிய எண் மற்றொன்றில். ஆகவே கம்ப்யூட்டர் ஒன்றை நீக்கியிருந்தது. "ஒரே கடைதானே சார்?" என்று மெல்லக் கேட்டேன். ஒரே கடையாகத்தான் இருந்ததாம். அப்பா போன பிறகு அண்ணனும் தம்பியும் சண்டை போட்டு, கடையின் நடுவில் சுவர் எழுப்பி, ஆளுக்கு ஒரு ஷட்டர் வைத்துக்கொண்டார்கள். பெயரை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணன் பழைய எண்ணை எடுத்துக்கொண்டார், தம்பி புதிய எண்ணை. என் எதிரில் நின்றவர் தம்பி. நான் நடந்ததை விளக்கியதும் கோபம் போய், ஒருவித மரியாதையோடு கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார்.

"பெரியவங்க பத்து பேரு பஞ்சாயத்து பண்ணியும் எங்கள ஒண்ணு சேக்க முடியல. ஒரு பட்டனத் தட்டி சேத்துட்டியேம்மா நீ!"

மஞ்சள் தடவிய உறை

மார்ச் மாதத்தின் கடைசிச் சரக்கு. அது போய்ச் சேர்ந்துவிட்டால் அனுமதி நிரந்தரம். திரும்பினால் மூன்றாவது. அன்று தயாளன் சார் என்னையும் வண்டியில் ஏறச் சொன்னார். பை இறக்குவதற்குக் கஸ்தூரி அக்காவும் வந்தார். கவுண்ட்டரில் நான் ஓனரின் முதுகுக்குப் பின்னால் எனக்கு ஒரு இடம் பார்த்துக்கொண்டேன். பத்மநாபன் சார் ஃபிளாப்பியைப் போட்டுப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு ஏதாவது ஒரு கட்டை எண்ணிப் பார்ப்பது வழக்கம். திருவொற்றியூர்க் கட்டை எடுத்தார். ஃபிளாப்பியில் அறுபத்திரண்டு. அவர் எண்ணியது அறுபத்து மூன்று. மறுபடி எண்ணினார். நடுவிலிருந்து ஒரு உறையை உருவினார். நான்கு மூலையிலும் மஞ்சள். ஸ்டாம்ப் இல்லை, எங்கள் முத்திரையும் இல்லை.

கஸ்தூரி அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். "எம் பொண்ணு கல்யாணப் பத்திரிகை சார். பங்குனில முகூர்த்தம். அந்தக் கட்டு எப்டியும் அங்கதான் போவுது, காலியாப் போற வண்டில ஒராள ஏத்திவுடற மாரி..." பத்மநாபன் சார் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். எனக்கு மண்ணடியின் எல்லாக் கடைகளும், அவற்றின் படிகளும், ஒவ்வொரு படியிலும் நின்று "வணக்கம் சார்" என்று சொல்லும் நானும் தெரிந்தோம். அந்தப் பயத்தில்தான் குரல் வந்தது.

"சார், விதிப் புத்தகத்துல பதினொண்ணாவது விதி சார்." என் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. பக்கத்து கவுண்ட்டரில் ஸ்டாம்ப் வாங்க நின்றவர்களும் திரும்பினார்கள். "ரசீதுல கையெழுத்துப் போடறதுக்கு முன்னால கணக்குல வித்தியாசம் தெரிஞ்சா, அனுப்பறவங்க ஆளே கவுண்ட்டர்ல நின்னு சரிபண்ணலாம்னு இருக்கு. அது திருப்பி அனுப்பினதா ஆகாது. நீங்க இன்னும் கையெழுத்துப் போடல சார்." யாரிடமும் பேசாமல் பஸ்ஸில் போய் வருகிறவளுக்குப் படிக்க அந்தப் புத்தகம்தான் கையில் இருந்தது. பத்மநாபன் சார் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். "இருக்கு. ஆனா ஒரு கட்டு மட்டும் இல்லம்மா, மொத்த சரக்கையும் எண்ணணும்" என்றார்.

எண்ணினோம். நான் பின்கோடையும் எண்ணிக்கையையும் உரக்கப் படிக்க, கஸ்தூரி அக்கா கட்டைப் பிரித்து மஞ்சள் மூலைகளைத் தானே உருவி வைத்தார். எண்ணூரிலிருந்து ஒரு சித்தி, பேசின் பிரிட்ஜிலிருந்து ஒரு மச்சான், நெட்டுக்குப்பத்திலிருந்து முழுதாக ஒரு சம்பந்தி வீடு என்று உறவுகள் வெளியே வந்துகொண்டே இருந்தன. மதியச் சாப்பாடு தாண்டிவிட்டது. கடைசிக் கட்டிலிருந்து வந்த உறையை அக்கா மேஜையில் வைக்காமல் முந்தானையில் மறைத்தார். பத்மநாபன் சார் கையை நீட்டி வாங்கினார். "தபாலாபீஸ் கவுண்ட்டர் சார் அவர்கள், குடும்பத்துடன்" என்று எழுதியிருந்தது. மற்ற எல்லாம் எடுத்தாகிவிட்டதால் பையும் ஃபிளாப்பியும் கச்சிதமாக ஒத்துப்போயின. அவர் சிவப்புப் பேனாவை மூடி, நீலப் பேனாவால் ரசீதில் கையெழுத்துப் போட்டார். பிறகு தன் பெயருக்கு வந்த பத்திரிகையை, பிரிக்காமல், கஸ்தூரி அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஸ்டாம்ப் ஒட்டிப் பெட்டியில போடுங்கம்மா. முறையா என் கைக்கு வந்து சேரட்டும், குடும்பத்தோட வரேன்."

திரும்பும் வழி

வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். உரக்கப் படித்ததில் என் தொண்டை கட்டிப்போயிருந்தது. சந்தோஷத்தில் அதுகூடத் தெரியவில்லை. அனுமதி நிரந்தரம், கம்ப்யூட்டர் நிரந்தரம், என் அறை, என் நாற்காலி, என் மௌனம் எல்லாம் நிரந்தரம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ராயபுரம் பாலம் ஏறும்போது தயாளன் சார் முன் இருக்கையிலிருந்து திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆபீஸே திரும்பிப் பாக்கற மாரி பேசற பொண்ண ரூமுக்குள்ள பூட்டி வெச்சிகினு இருந்தனேம்மா! நாளைலேர்ந்து மண்ணடி கேன்வாசிங் நீதான், ஃபிளாப்பிய சாயங்காலமா வந்து போட்டுக்க."

பேசாமலே இருக்கும் வேலையைக் காப்பாற்றிக்கொள்வதற்காக ஒரே ஒரு நாள் வாயைத் திறந்தேன். அதற்குப் பிறகு அதை மூடிக்கொள்ள அந்த வேலை என்னை விடவே இல்லை.