வெளியே பூட்டு, உள்ளே டெய்லர்

தெருவில் அவளுக்கு ‘ரிட்டர்ன் அக்கா’ என்று பேர். வேலைக்குக் கிளம்பித் தெருமுனை வரைக்கும் போவாள். அங்கே சந்தேகம் பிடித்துக்கொள்ளும். காஸ் அடுப்பை அணைத்தோமா, சிலிண்டரை மூடினோமா என்று திரும்பி ஓடி வருவாள். எல்லாம் மூடித்தான் இருக்கும். இருந்தாலும் கண்ணால் பார்த்தால்தான் மறுபடி கிளம்புவாள். “மருந்துக்கடையிலதானே பில் போடுறே, சந்தேகத்துக்கு ஒரு மாத்திரை கிடையாதா அங்கே?” என்று எதிர்வீட்டுக்காரர் கேலி பண்ணுவார்.

சிரிக்கிறவர்கள் அந்த வீட்டுக்குள் ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். அவள் புருஷன் டெய்லர். முன்னறைதான் அவன் கடை. கால் வைக்கிற இடமெல்லாம் துணி. மேஜையை ஒட்டிக் கீழே வெட்டுத்துணி மூட்டை. மேலே இஸ்திரிப் பெட்டி. தையல் மெஷின், ஃபேன், இஸ்திரி, போன் சார்ஜர் எல்லாமே ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும். “பஞ்சையும் நெருப்பையும் பக்கத்துல வைக்காதேன்னு பெரியவங்க சொன்னது வேற சங்கதிக்கு. நம்ம வீட்டுல நிஜமாவே பஞ்சும் நெருப்பும்தாங்க இருக்கு” என்று புலம்புவாள். “நாளைக்கு ஒழுங்கு பண்ணிடலாம்” என்பான் அவன்.

அவன் பேரே ‘நாளைக்கு’தான். கைவேலை தங்கம். ஆனால் வாய் இருக்கிறதே, அதற்கு ‘முடியாது’ என்ற வார்த்தையே வராது. பள்ளிக்கூடம் திறக்கப்போகிற சமயம் என்றால் ஊர்ப்பிள்ளைகள் யூனிஃபார்ம் முழுக்க அவனிடம்தான். எல்லோருக்கும் நாளைக்கு. அப்புறம் கதவு தட்டல், சத்தம், சாபம். பதில் சொல்லவே பொழுது போய்விடும், தைப்பது எங்கே?

அதற்கு அவன் ஒரு யோசனை கண்டுபிடித்தான் பாருங்கள், அறிவுள்ளவன் எவனும் பண்ண மாட்டான். காலையில் அவள் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டுப் போட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வருகிறவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அவன் உள்ளே நிம்மதியாகத் தைப்பான். வரிசை வீடு, பின்வாசல் கிடையாது, ஜன்னலுக்கெல்லாம் கம்பி. போனைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவான். பள்ளி விடுமுறையில் வீட்டிலிருந்த மகளுக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தாயிற்று. “யாராவது கதவைத் தட்டினா மூச்! தும்மக்கூடக் கூடாது, சரியா?” குட்டிக்கு அது விளையாட்டு. உதட்டில் விரலை வைத்துக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்துவிடும்.

இதற்கு ரிட்டர்ன் அக்கா எப்படித்தான் சம்மதித்தாளோ! வாசலில் நின்று நாலு பேர் ஏசினால் மானம் போகிறது என்பது அவளுக்கு இன்னொரு பயம். அடுப்பை அணைப்பாள், சிலிண்டரை மூடுவாள், அப்புறம் புருஷனையும் பிள்ளையையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, பூட்டை இழுத்தும் பார்ப்பாள். கெட்டியாகப் பூட்டியிருக்கிறதா என்று! எனக்கு இதைச் சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு நாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மறுபடி சந்தேகம் வந்துவிட்டது. கிளம்பும்போது அவன் ஒரு காலரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. போன் பண்ணினாள். எடுக்கவில்லை. அவன்தான் எடுக்கவே மாட்டானே. ‘ஒண்ணுமில்லை, சும்மா இரு மனமே’ என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அடுத்த நிறுத்தம் வந்தது, போனது. அதற்கடுத்ததில் அவளால் முடியவில்லை, இறங்கிவிட்டாள். லேட்டானால் முதலாளி வாய்க்கு வந்தபடி பேசுவார். பேசிவிட்டுப் போகட்டும்! எதிர்ப்பக்கம் பஸ் வருகிற வழியாக இல்லை. நடந்தாள், பிறகு ஓடினாள். செருப்பு வார் அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டாள்.

வீட்டு வாசலில் பேக்கரிக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மகனுடைய சட்டைக்காக நடையாய் நடக்கிறவள்.

“வாம்மா, வா. உன் வீட்டுக்காரர் ஊர்ல இருக்காரா, ஓடிட்டாரா? பூட்டித்தான் இருக்கு, ஆத்திரத்துல தட்டித் தட்டிக் கை வலிச்சதுதான் மிச்சம். ஏதோ கருகுற வாசனை வேற வருது. எங்க அடுப்புப் புகைதான் ஒட்டிக்கிட்டு வந்திருச்சோன்னு என் துணியையே மோந்து பாக்குறேன்...”

ரிட்டர்ன் அக்காவுக்குச் சாவி துவாரத்தில் நுழையவில்லை. “உள்ளே... உள்ளேதான் இருக்காங்க” என்றாள். பேக்கரிக்காரம்மா சாவியைப் பிடுங்கிப் பூட்டைத் திறந்தாள்.

புகை முகத்தில் அடித்தது. இஸ்திரிப் பெட்டி மேஜையிலிருந்து சரிந்து வெட்டுத்துணி மூட்டை மேல் கவிழ்ந்து கிடந்தது. மூட்டை கனன்று, ஒரு ஓரம் தீயாக ஏறிக்கொண்டிருந்தது. பின்னாலே குளியலறையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். ரெண்டு நிமிஷம் என்று இஸ்திரியை அணைக்காமல் குளிக்கப் போனவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. குட்டி எங்கே? சுவரோரம், மெஷினுக்கு அந்தப் பக்கம் சுருண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்தியிருந்தது. கண்ணில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

வாரி எடுத்துப் பேக்கரிக்காரம்மா கையில் கொடுத்தாள். மெயின் சுவிட்சை இறக்கினாள். “என்னங்க!” என்று அவள் போட்ட கூச்சலில் சோப்பு நுரையோடு ஓடி வந்தான் ‘நாளைக்கு’. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். மூட்டை போச்சு, மேஜைக்கால் கருகிற்று, யூனிஃபார்ம் கொஞ்சம் போச்சு. உயிருக்குச் சேதமில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

வாசலில் வைத்து மகளை உலுக்கினாள். “ஏண்டி, நெருப்பைப் பாத்துட்டு அப்பாவைக் கூப்பிடக் கூடாதா? கத்தக் கூடாதா?”

“கூப்பிடத்தான் போனேன். ஆன்ட்டி தட்டினாங்க. அப்பாதானே தட்டினா ‘மூச்’னு...” இருமல் வந்தது. அதைக்கூடக் குழந்தை கையால் பொத்திக்கொண்டுதான் இருமியது.

அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். பேக்கரிக்காரம்மா சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே, “பாவி, பாவி” என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கே அவன் வெட்டுத்துணியை எல்லாம் வாரி வெளியே மூடி போட்ட டிரம்மில் கொட்டினான். இஸ்திரிக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனியாக ஒரு பாயின்ட் போடச் சொன்னான். கதவின் வெளிக்கொண்டியைக் கழற்றி எறிந்தான். வந்தவர்களிடம் வாசலிலேயே நின்று, “இன்னும் வெட்டவே இல்லைங்க, மன்னிச்சுக்குங்க” என்று நிஜத்தைச் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டான்.

அவளுக்கு அதெல்லாம் போதவில்லை. இருப்புக்கொள்ளாமல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தாள். கொண்டியைக் கழற்றியாயிற்று, பிள்ளைக்குள் போட்ட பூட்டை எதைக் கொண்டு திறப்பது? சாயங்காலம் மகளை முன்னறையில் நிறுத்தினாள்.

“குட்டி, நான் வெளியே போய்க் கதவைத் தட்டுவேன். நீ நெருப்பு, நெருப்புன்னு கத்தணும். சரியா?”

தலையாட்டியது. அவள் வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டுத் தட்டினாள். சத்தமே இல்லை. மறுபடி தட்டினாள். ஊஹும். விரல் வலிக்கிற அளவுக்குத் தட்டினாள். பிறகு கதவிடுக்கில் ரகசியம் மாதிரி ஒரு குரல் வந்தது.

“அம்மா, நீதானே? வேற யாரும் இல்லையே? கத்தட்டுமா?”

“கத்துடி என் தங்கமே! யார் நின்னாலும் கத்து!” என்றாள். அதற்குமேல் பொறுக்க முடியாமல், நெருப்பு, நெருப்பு என்று அவளே தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள்.