ஒரு தட்டு ஆமா, ரெண்டு தட்டு இல்ல

எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். சமையலறை ஜன்னலை ஒட்டிய அலமாரியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவில் நாலு விரல் அகலம். அங்கே போனைச் சாய்த்து வைத்தால் ஒரு கோடு, நல்ல நாளில் இரண்டு கோடு. கையில் எடுத்தால் போச்சு. என் கொழுந்தனின் விஷயம் எனக்கு இவ்வளவு தெரிந்ததற்கு அதுதான் காரணம். ஒட்டுக் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. அவன் விளையாடுகிற நேரமும் நான் சமைக்கிற நேரமும் ஒன்று.

கொழுந்தன் என்றால் என் வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. வயது முப்பத்தெட்டு. பால் சேகரிக்கிற இடத்தில் டெஸ்டர் வேலை. காலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். தகரக் கூரை போட்ட ஷெட், ஒரு மேஜை, ஒரு தராசு, பாலில் மிதக்கவிடுகிற ஒரு கண்ணாடிக் குழாய். குழாய் நிமிர்ந்து நின்றால் நல்ல பால். முங்கினால் தண்ணீர் சேர்ந்த பால். குழாயில் உள்ள கோட்டைப் பார்த்து டிகிரி சொல்வது இவன் வேலை. பத்தாவதோடு நின்றவனுக்கு ஊரே சேர்ந்து "டிகிரி" என்று பேர் வைத்தது.

அவன் வாயைத் திறந்தால் வருவது இரண்டே வார்த்தை. ஒன்று எண், இன்னொன்று "தண்ணி". யாருக்குத்தான் பிடிக்கும்? ஒருநாள் எங்கள் மாட்டுப் பாலை நான் எடுத்துக்கொண்டு போனேன். குழாயைப் போட்டான், பார்த்தான், தூக்கை என் பக்கமே தள்ளிவிட்டான்.

"இருபத்தஞ்சு. தண்ணி."

"டேய், நான் உங்க அண்ணிடா."

"கழுவின தூக்குல தண்ணி நின்னிருக்கு அண்ணி. நல்லா கவுத்து வச்சுட்டு கறந்திருக்கணும்."

பின்னால் வரிசையில் நின்ற எதிர்வீட்டு அக்கா, "சொந்த வீட்டுக்கே இந்தக் கதின்னா, எங்களை எல்லாம் கேக்கணுமா?" என்றாள். அன்றைக்கு அவன் சாப்பாட்டில் நான் உப்பே போடவில்லை. அவனும் கேட்கவில்லை, சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான். உண்மையில் தூக்கில் தண்ணீர் நின்றிருந்தது. அது வேறு விஷயம்.

டீக்கடை பெஞ்சில் அவன் உட்கார்ந்தால் மற்றவர்கள் தம்ளரோடு வெளியே போய் நின்று குடிப்பார்கள். பெண் கேட்டுப் போன ஒரு வீட்டில் குடிக்கப் பால் கொடுத்தார்கள். ஒரு மடக்குக் குடித்தவன் முகம் ஒரு மாதிரி ஆனது. அவ்வளவுதான், அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் பெண் கொடுக்கவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் போனில் ஒரு விளையாட்டை இறக்கினான். இறங்கவே மூன்று நாள் ஆனது. விமானத்திலிருந்து நூறு பேர் ஒரு தீவில் குதிப்பார்கள், நாலு நாலு பேராகச் சேர்ந்து மற்றவர்களைச் சுடுவார்கள், கடைசியில் மிஞ்சுகிற கூட்டம் ஜெயிக்கும். எங்கள் சிக்னலில் இவன் குதிக்கும்போது மற்றவர்கள் தரையிறங்கி வீடு கட்டிக் குடிபோயிருப்பார்கள். இவன் சுட்டால் குண்டு போய்ச் சேருவதற்குள் எதிரி அடுத்த தெருவில் இருப்பான். அரிசி டின்னில் உட்கார்ந்து, முதுகை வளைத்து, இரண்டு விரலால் தடவிக்கொண்டிருப்பான். நான் மிளகாய்த்தூளுக்குக் கை நீட்டினால் பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொள்வான்.

இவனைச் சேர்த்துக்கொள்ளவும் மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தர் எங்கேயோ ஒரு நகரத்தில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், அவர்தான் கேப்டன். மதியம் பன்னிரண்டு மணிக்கு ஏதாவது ஒரு மொட்டை மாடியில் சாப்பாட்டை முடித்துவிட்டு வருவார். இன்னொருத்தி நர்ஸ். மூன்றாவது ஆள் கூரியர் வண்டி ஓட்டுகிறவன், வாயில் எதையாவது மென்றுகொண்டேதான் பேசுவான். இவர்கள் மூன்று பேரின் முகத்தை என் கொழுந்தன் பார்த்ததில்லை. இவன் குரலை அவர்கள் கேட்டதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் லைனில் ஒன்று விளையாடலாம், இல்லை பேசலாம். இரண்டும் சேர்ந்து நடக்காது. முதல் வாரத்தில் ஒருநாள் மைக்கைத் தட்டி "வணக்கம்" என்றான். அவனுடைய பொம்மை அப்படியே உறைந்து நின்றது. அது நின்ற இடம் எல்லோரும் ஒளிந்திருந்த வீட்டின் வாசல். பின்னால் இருந்த மூவரும் வெளியே போக முடியாமல் செத்தார்கள். கேப்டன் திட்டிய திட்டை நான் இங்கே எழுத முடியாது. அன்றைக்கு மைக்கை அணைத்தவன் அப்புறம் தொடவே இல்லை. அவர்கள் வைத்த பேர் "பூட்டு".

பேசாவிட்டாலும் இவன் உபயோகமாகத்தான் இருந்தான். சுடத்தான் முடியாது, பார்க்க முடியும். மாடி ஜன்னலில் நின்று, எதிரி வருகிற திசையை வரைபடத்தில் விரலால் தட்டிக் காட்டுவான், அவர்கள் போனில் டொக் என்று கேட்கும். பாலில் தண்ணீரைக் கண்டுபிடிக்கிற கண் இல்லையா? ஏதாவது கேட்டால் ஒரு தட்டு ஆமா, ரெண்டு தட்டு இல்ல. இப்படியே இரண்டு வருடம்.

அந்த மூவரின் வீட்டுக் கதையும் எனக்கு அத்துப்படி. கேப்டனின் வீட்டு ஓனர் மோசம். கூரியர்காரனுக்கு முதுகு வலி. நர்ஸின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஒருநாள் சொன்னாள், பயமாக இருக்கிறது என்றும் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் ஒரு வாரம் வரவில்லை. திரும்பி வந்த அன்று எங்கள் பக்கம் மழை. அவள் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் குரல் நறுக்கு நறுக்காக உடைந்து நின்றுபோனது. மறுநாள் அந்தப் பேச்சு வரவில்லை.

"அம்மாவுக்குக் கண்ணு சரியாச்சான்னு தெரியலையே அண்ணி" என்றான்.

"எனக்கென்ன தெரியும்? நானும் இதே அடுப்படியிலதானே நின்னேன்."

ஒரு மாதம் கழித்தும் கேட்டான். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டான்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை ஏதோ போட்டியாம், அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கேப்டன், எனக்கு ரொம்ப நாளா ஒரு டவுட்டு" என்றான் கூரியர்காரன், மென்றுகொண்டே. "இந்தப் பூட்டு நிஜமா ஆளா? இல்ல, ஆள் பத்தலைன்னு கம்பெனிக்காரன் இறக்கிவிட்ட மிஷினா?"

"சும்மா இரு. ரெண்டு வருஷமா நம்ம கூட வர்றாரு" என்றாள் நர்ஸ்.

"அதான் சொல்றேன். ஒரு நாள் லீவு போட்டிருக்கா? நீயே ஒரு வாரம் லீவு போட்டே. மனுஷன்னா ஒரு காய்ச்சல், ஒரு கல்யாணம் வராதா?"

கொழுந்தனுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. போர்வையைச் சுற்றிக்கொண்டு இதே டின்னில் உட்கார்ந்து விளையாடினான். கல்யாணத்துக்குத்தான் யாரும் கூப்பிடவில்லை.

"கேட்டுட்டா போச்சு" என்றார் கேப்டன். "பூட்டு, நீ ஆள்தானே? ஒரு தட்டு ஆமா, ரெண்டு தட்டு இல்ல."

இவன் உடனே தட்டினான். திரையில் வட்டம் சுற்றியது. தட்டு போனதாகவே தெரியவில்லை.

"என்னப்பா, சத்தத்தையே காணோம்?"

பதறிப்போய் இன்னொரு தடவை தட்டினான். அந்த நேரம் பார்த்துச் சிக்னல் வந்து, முன்னால் தட்டியதும் பின்னால் தட்டியதும் ஜோடியாகப் போய் இறங்கின. டொக், டொக்.

அங்கே ஒரே சிரிப்பு. "அதுவே சொல்லிடுச்சு, ஆள் இல்லைன்னு" என்று கூரியர்காரனுக்குப் புரையேறியது. நர்ஸும் சிரித்தாள். கேப்டன் சிரித்து முடித்துவிட்டு, "என் மச்சான் வீட்டுக்குக் கேபிள் நெட்டு வந்திருக்கு. அவனுக்கு வாயும் இருக்கு. சனிக்கிழமை வரைக்கும் பூட்டு ஓடட்டும், ஞாயித்துக்கிழமை மச்சானை இறக்கிடுவோம்" என்றார். இதை இவன் காதுபடவே சொன்னார். மிஷினுக்கு முன்னால் பேச என்ன கூச்சம்?

இவன் "நான் ஆள்" என்று எழுத்தில் தட்டி அனுப்பினான். அது சுற்றிக்கொண்டே இருந்தது. போய்ச் சேர்ந்தபோது அங்கே யாருமில்லை; எங்கள் லைனில் எழுத்து என்றைக்குமே அவர்கள் கிளம்பியபிறகுதான் போகும்.

அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டைக் கிண்டிவிட்டு எழுந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"வாயைத் திறந்து பேசித் தொலையேன். முத்து உதிர்ந்துடுமா?"

"பேசினா ஆட்டம் நின்னுடும் அண்ணி."

"எப்படியும் ஞாயித்துக்கிழமை உன்னைத் தூக்கப் போறாங்க. நின்னா என்ன, நடந்தா என்ன?"

யோசித்தான். பால் ரசீதின் பின்பக்கம் ஏதோ எழுதி, உப்பு ஜாடியைப் பார்த்துப் படித்தான். "வணக்கம். நான் மனிதன்தான். சிக்னல் கோளாறு காரணமாகப் பேச இயலவில்லை."

"இப்படிப் பேசினா மிஷினேதான்னு முடிவு பண்ணிடுவாங்க" என்றேன்.

"வேற எப்படிப் பேசுறது? நான் பேசினாலே எல்லாருக்கும் கோவம்தானே வருது."

எனக்கே வந்திருக்கிறதே.

சனிக்கிழமை. எண்பது பேர் செத்துவிட்டார்கள், இவர்கள் நாலு பேரும் உயிரோடு. இவன் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று திசை தட்டிக்கொண்டிருந்தான். "நல்ல மிஷினுதான், குறை சொல்லக்கூடாது" என்றார் கேப்டன். "நாளையில இருந்து வேற எவனுக்காவது காவல் நிக்கட்டும்."

ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு மைக்கைத் தட்டினான். மரத்தடியில் பொம்மை சிலையானது. இவன் ரசீதைப் பார்க்கவே இல்லை.

"நர்ஸம்மா, உங்க அம்மாவுக்குக் கண்ணு கட்டு பிரிச்சாச்சா? இப்ப நல்லா தெரியுதா?"

அவன் கேட்டு முடிக்கவும் என் குக்கர் விசில் அடிக்கவும் சரியாக இருந்தது. விசில் என்றால் ஊரைக் கூட்டுகிற விசில். நான் "ஐயோ" என்று துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் எவனோ இவனைச் சுட்டுவிட்டான்.

செத்தவனுக்கு ஓட வேண்டாம், சுட வேண்டாம். லைனில் பாரம் குறைந்து குரல் தெளிவாக வர ஆரம்பித்தது. உயிரோடு இருக்கிறவரை கிடைக்காத சிக்னல் செத்தபிறகு கிடைத்தது.

"விசில் யார் வீட்டுல?" என்றார் கேப்டன். "நான் மொட்டை மாடியில இருக்கேன்."

"நான் வண்டியில."

"என் அம்மா கண்ணைப் பத்தி யாரோ கேட்டாங்க" என்றாள் நர்ஸ். "யாருங்க அது?"

"நான்தான். பூட்டு."

கூரியர்காரன் மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டான்.

"கட்டு பிரிச்சு மூணு மாசம் ஆச்சே" என்றாள் நர்ஸ்.

"அன்னைக்கு இங்க மழை. நீங்க சொன்னது கேக்கலை. அப்புறம் எப்படிக் கேக்குறதுன்னு தெரியலை."

"நல்லா தெரியுதுங்க. அடுத்த வீட்டுக் கொடியில என்ன துணி காயுதுன்னு வரைக்கும் சொல்றாங்க." அவள் நிறுத்திவிட்டு மறுபடி சொன்னாள். "மிஷின் வீட்டுல குக்கர் விசில் அடிக்குமாடா, லூசுப் பசங்களா?"

"அது எங்க அண்ணி" என்றான் கொழுந்தன்.

கேப்டன் தொண்டையைச் செருமினார். "இங்க பாருங்க. மிஷினா இருந்தா சொல்லாமலே மாத்தியிருப்பேன். ஆளுன்னு தெரிஞ்சப்புறம் சொல்லணும்ல. உங்க நெட்டை வச்சுக்கிட்டு ஜெயிக்க முடியாதுங்க. நாளைக்கு மச்சான்தான். தப்பா எடுத்துக்காதீங்க."

நான் கரண்டியோடு நின்றேன். வாயைத் திறந்து பேசச் சொன்னவள் நான். பேசியதில் கிடைத்தது "வாங்க போங்க" மட்டும்தான்.

"இருபத்தஞ்சு டிகிரிதான் கேப்டன்" என்றான் இவன். "எனக்கே தெரியும்."

அவருக்கு அது புரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வழக்கம்போல் டின்னில் உட்கார்ந்தான். திரையில் மூன்று பேரின் பேருக்கும் நேராக "ஆட்டத்தில்" என்று எழுதியிருந்தது. ஒரு மணி நேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போகச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லாமல் குழம்பைக் கிளறினேன். அவர்கள் அந்தப் போட்டியில் ஒன்பதாவதாகத்தான் வந்தார்கள். மச்சானுக்கு வாய் மட்டும்தான் போல.

திங்கட்கிழமை விளையாட்டுக்குள்ளேயே நர்ஸிடமிருந்து அழைப்பு வந்தது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் நாலு பேரும் வந்து நிற்கிற ஒரு இடம் இருக்கிறது. மச்சான் கடையைச் சாத்திவிட்டு வர எப்படியும் பத்து நிமிடம் தாமதமாகும். அதுவரை நாலாவது இடம் காலி. அங்கே ஓட்டமும் இல்லை, சுடுவதும் இல்லை, அதனால் பேச்சு தடங்கல் இல்லாமல் போகிறது. இரண்டு வருடம் அங்கேதான் தினமும் நின்றிருக்கிறான். முதல் வாரம் வாங்கிய திட்டில் மைக்கைத் தட்டிப் பார்க்கவே தோன்றவில்லை.

இப்போது தினமும் அந்தப் பத்து நிமிடம் பேசுகிறான். வீட்டு ஓனர் சமாசாரம், முதுகு வலிக்கு எந்தப் பக்கம் படுக்கவேண்டும், எங்கள் மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது. மச்சான் வந்ததும் இவன் இறங்கிக்கொள்ள வேண்டும்.

"பஸ்ல இடம் பிடிக்கத் துண்டு போடுவாங்களே, அந்தத் துண்டுடா நீ" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"இருக்கட்டும் அண்ணி. துண்டையும் யாராவது எடுத்து மடிச்சுத்தானே வைக்கிறாங்க."

அடுப்படியில் எனக்கும் ஒரு வேலை தள்ளிப்போனது. பன்னிரண்டுக்கு வைக்கிற குக்கரைப் பத்து நிமிடம் கழித்து வைக்கிறேன். விசில் நடுவில் வந்தால் பேச்சு போய்விடும். நான் சொல்லவும் இல்லை, அவன் கேட்கவும் இல்லை.

நேற்றும் அப்படித்தான். கூரியர்காரனுக்கு ஏதோ பாதி சொல்லிக்கொண்டிருந்தான், மச்சான் வந்துவிட்டார். "அப்புறம் சொல்றேன்" என்றான். மூன்று பேரின் குரலும் ஒவ்வொன்றாக நின்றது. போனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்தபடியே விட்டுவிட்டு, டின்னை விட்டு எழுந்தான்.

"அவங்க கிளம்பிட்டாங்க" என்றான். "குக்கரை வச்சுக்கங்க அண்ணி."