தூபக்காலில் வைத்த வடதுருவக் கரி

புலம்பெயர்ந்த நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் பணிபுரிந்த மரக்கறிக் கடையில், பிள்ளையார் படத்தருகே ஒருபுறம் வெந்த நிலக்கரித் துண்டொன்று இன்றும் இருக்கிறது. பூவும் பழமும் வைக்கும் இடத்தில் இது எதற்கு என்று கேட்பவர்களிடம் முதலாளி, "அது அமெரிக்கன்ரை கரி" என்பார்.

அதைக் கொண்டுவந்தவள் அவருடைய ஒரே மகள். வடதுருவத் தீவொன்றில், பழைய சுரங்க ஊரின் அருங்காட்சியகத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. நேர்முகத் தேர்வுக்குப் போய் அந்தக் கரித்துண்டோடு வந்தவள் அவ்வூரின் கதையையும் சொன்னாள். நூறாண்டுகளுக்கும் முன்பு, மனைவி மக்களோடு உல்லாசப் பயணம் போன அமெரிக்க வணிகர் ஒருவர் அத்தீவின் மலைச்சரிவில் கரிப்படலத்தைக் கண்டாராம். நாடு திரும்பிய பின்னும் அந்த நினைவு அவரை விடவில்லை. மறுபடி வந்து, கோடையிலும் உறைந்தே கிடக்கும் மண்ணில் சுரங்கம் வெட்டி, ஆட்களைக் குடியேற்றினாராம்.

"உல்லாசமாய்ப் போனவன் கரியோடை திரும்பினான். அகதியாய் வந்த நான் கத்தரிக்காய் விக்கிறன்" என்று முதலாளி சிரித்தார். மகளை அனுப்ப மட்டும் அவர் மனம் ஒப்பவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைப் பூசையில் நான் பதிகம் பாடிக்கொண்டிருக்க, சிரட்டைக்கரிதானே என்பதுபோல அவர் மகள் கொண்டுவந்த கரியைத் தூபக்காலின் தணலில் வைத்துவிட்டார். கந்தகப் புகை கடையை நிறைத்தது. பொருள் வாங்க வந்தோர் முருங்கைக்காயும் கையுமாகத் தெருவுக்கு ஓடினர். பதிகத்தை இடையில் நிறுத்தலாகாது என்று நான் இருமியபடியே பாடி முடித்தபோது, தீயணைப்பு வண்டி வாசலில் நின்றது.

"சாம்பிராணிக்கும் உதவாத கரிக்கோ அவன் அவ்வளவு தூரம் போனவன்?" என்றார் முதலாளி.

"அவர் சாமிக்குக் காட்டப் போகேல்லை, அப்பா" என்றாள் மகள், சிரிப்பை அடக்கமாட்டாமல்.

அப்போதுதான் அவர் மனத்திலிருந்தது வெளிவந்தது. "அங்கை மாதக்கணக்காய்ப் பொழுது விடியாதாம். மார்கழியிலை எப்பவெண்டு பள்ளியெழுச்சி பாடுவாய், பிள்ளை?" மார்கழி முழுவதும் தந்தையும் மகளும் சேர்ந்து பாடுவது அவ்வீட்டில் ஒருநாளும் தவறியதில்லை.

"நாங்கள் பாடி முடிக்கேக்கை இஞ்சை ஒருநாளாவது விடிஞ்சிருக்கோ, அப்பா?"

முதலாளி பாதி வெந்த கரியைக் கழுவித் துடைத்துப் பிள்ளையாரருகே வைத்தார். மறுநாள் அடுத்த தெருவான மார்க்ஸ் டோர்மோயிலிருந்து மகளுக்குத் தடித்த குளிர்ச்சட்டை ஒன்றை வாங்கிவந்தார்.

ஓய்வுபெற்ற பின்னும் மார்கழிக் காலைகளில் கடைக்குப் போகிறேன். கைபேசி சாய்ந்து நிற்க அந்தக் கரித்துண்டுதான் முட்டு. திரையில் அவளுடைய சன்னலும் இருள்; எங்கள் வாசலும் இருள்.

"விடிஞ்சிட்டுதோ, பிள்ளை?" என்று அவர் நாள்தோறும் கேட்பார்.

"மாசியிலை விடியும், அப்பா. நீங்கள் பாடுங்கோ."