சாரின் சிப்பிக் கட்டுரை

ஜெராக்ஸ் கடைக்காரர் கைக்கு ஊர் ரகசியமெல்லாம் சூடாக வரும். என்னைப் போல எட்டாவதோடு நின்றவர்களுக்கு அதில் பாதி புரியாது, கவலை மட்டும் முழுசாக வரும். அரியலூரில் எங்கள் கடையில் மூன்று கம்ப்யூட்டர் போட்டு இன்டர்நெட்டும் வைத்திருந்தோம்.

கெட்டுப்போன தாள்

காலேஜ் சார் ஒருவர். சுண்ணாம்புச் சுரங்கத்தில் கிடைக்கும் கல்லாய்ப்போன சிப்பிகளைப் பற்றி எழுதுபவர். ஜெராக்ஸ் எடுத்தால் மெஷினை விட்டு நகரமாட்டார். மை அப்பிக் கெட்டுப்போன தாளைக்கூட வாங்கி, நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொள்வார்.

"நான் படிச்சாலும் புரியாதுங்க சார்" என்றேன்.

"உங்களைச் சொல்லலம்மா. எதுத்தாப்புல வடைக்கடை இருக்கு. இந்தத் தாள்ல வடையை மடிச்சுக் குடுத்தா, எவனாவது படிச்சுட்டுத் தன் பேர்ல போட்டுருவான்!"

டிராயரில் ஒரு பிளாப்பி

பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வரும் செல்வியும் அதே சிப்பியில்தான் டாக்டர் பட்டத்துக்குப் படித்தாள். சாரின் பழைய கட்டுரை ஒன்று கிடைக்காமல் அவள் ஆய்வேடு பாதியில் நின்றது. மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். நெட்டில் அதை வெளியிட்ட வெளிநாட்டுப் பத்திரிகை தலைப்பை மட்டும் காட்டிவிட்டு டாலர் கேட்டது.

அந்தக் கட்டுரையை சார் எங்கள் கடையில்தான் டைப் செய்தார். அவர் மறந்துவிட்டுப் போன பிளாப்பி இரண்டு வருஷமாக என் டிராயரில் இருந்தது. திருப்பிக் கொடுத்தால், "படிச்சீங்களா?" என்பாரோ என்று பயம். அவரைக் கேட்காமல் செல்விக்குக் கொடுக்கவும் பயம். கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும்.

"எழுதினவரு இதே ஊருதானேம்மா, கேளேன்" என்றேன்.

"கேட்டேங்க்கா. சும்மா குடுத்தா மதிப்பு இருக்காதுன்னுட்டாரு."

எழுதியவருக்கும் பூட்டு

அடுத்த வாரம் சாரே அந்தக் கட்டுரையைத் தேடி வந்தார். வீடு மாறியதில் அவர் பிரதி தொலைந்துவிட்டதாம். பதவி உயர்வு மனுவோடு வைக்க வேண்டுமாம். நெட் அவரிடமும் டாலர் கேட்டது.

"என்னம்மா இது, நான் எழுதினது!" என்று என்னிடம் கத்தினார். மெஷின்தான் கெட்டுவிட்டதோ என்று எனக்கு வியர்த்தது.

அடுத்த நாற்காலியில் செல்வி. "உரிமையைப் பத்திரிகைக்காரங்களுக்கு எழுதிக் குடுத்துட்டீங்களே சார். நீங்க டைப் பண்ணின பிரதியை நீங்க யாருக்கு வேணும்னாலும் காட்டலாம், காலேஜ் வெப்சைட்லகூடப் போடலாம். அதுக்குத் தடையில்லன்னு அவங்களே போட்டிருக்காங்க."

சாமியை வேண்டிக்கொண்டு டிராயரைத் திறந்தேன். "படிக்கலீங்க சார், சத்தியமா."

சார் பிளாப்பியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு செல்வியைப் பார்த்தார்.

"ரெண்டு காப்பி போடுங்கம்மா, ஒண்ணு இந்தப் பொண்ணுக்கு. அப்படியே காலேஜ் வெப்சைட்ல ஏத்திரு செல்வி, இனிமே எவனும் இப்படி அலையக் கூடாது."

இன்று அந்தக் கட்டுரையை யார் வேண்டுமானாலும் ஓசியில் படிக்கலாம்; வடைக்கடைக்காரர் மட்டும் இன்னும் படித்தபாடில்லை.