காப்பு அவிழாத ஊர்

வழிபாட்டுக்கு மட்டுமே பயன்படும் சொத்தை யுத்தத் தேவைக்காகக் கையகப்படுத்தக் கூடாது. அன்றைய விதி அப்படித்தான் சொன்னது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஆவடிக்கு அப்பால் ராணுவக் கிடங்குக்காக ஒரு சின்ன ஊரைக் காலி செய்தபோது அது பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தவில்லை. அந்த ஊர் கும்பிட்டது தன் எல்லையை. எல்லைக்கு நீளம் உண்டு, அகலம் இல்லை. அகலம் இல்லாததற்குப் பரப்பளவு இல்லை. பரப்பளவு இல்லாததற்குச் சர்வே எண் இல்லை. சர்வே எண் இல்லாத ஒன்றுக்கு விலக்குக் கொடுக்க எந்த அதிகாரியாலும் முடியாது.

நான் அப்போது தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. ஊரைக் காலி செய்த கோப்பு என் மேஜையில் இருந்தது.

அந்த ஊரில் ஆடி முதல் வெள்ளிக்கிழமை காப்புக் கட்டுவார்கள். எல்லை சுற்றுகிறவர் மணிக்கட்டில் மஞ்சள் நூல் ஏறும். குறித்த நாளில் அவர் ரத்தம் பிசைந்த சோற்றைக் கலயத்தில் ஏந்தி, பறை பின்தொடர, எல்லை முழுவதும் இறைத்துக்கொண்டே நடப்பார். ஊருக்குள் தங்கிவிட்ட ஆவிகளெல்லாம் அவருக்கு முன்னால் வெளியேறும் என்பது நம்பிக்கை. புறப்பட்ட கல்லுக்கே திரும்பி வந்து கலயத்தை உடைத்தால் எல்லை மூடிக்கொள்ளும். அதுவரை ஊரில் யார் வீட்டிலும் கல்யாணம் கூடாது.

லாரிகள் வந்தது அவர் நடந்துகொண்டிருந்த நாளில். அறிவிப்பு முறைப்படி முன்கூட்டியே ஒட்டப்பட்டிருந்தது, புளியமரத்தில், ஆங்கிலத்தில். முக்கால் எல்லை சுற்றியிருந்தவரைக் கலயத்தோடு லாரியில் ஏற்றி, பட்டாபிராம் பக்கம் ஓலைக் குடிசைகளில் மற்றவர்களோடு இறக்கிவிட்டார்கள். மிச்சமிருந்த ஏரிக்கரைத் துண்டு கம்பிவேலிக்குள் போய்விட்டது.

அவர் மனுக் கொடுத்தார். பிறகு மனுவை நினைவூட்டும் மனு. நூல் மணிக்கட்டிலேயே இருந்தது. அவருடைய மகளுக்கு மண்ணூர்பேட்டையில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது.

“ஒரு துண்டுதான் சாமி பாக்கி கீது. கரையோரமா நடந்து கல்லாண்ட போய்ட்டா முடிஞ்சிது. அதுக்கு இம்மாம் காயிதமா?” என்றார் ஒருநாள்.

எங்கள் தலைமைக் குமாஸ்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “உன் மனு மேலே போயிருக்குய்யா. மேலேருந்து கீழே வரணும். மழையா, தானா விழ?” என்றார்.

“மழையாவது வருசத்துக்கு ஒரு தபா வருது சாமி.”

“வாய் மட்டும் குறையலே. பேசாம அந்த நூலை அறுத்துப் போட்டுட்டுப் பொண்ணு கல்யாணத்தை நடத்து. கத்தரிக்கோல் தரட்டுமா?”

அவர் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “அறுக்கக் கூடாது சாமி. தொரத்திகினே வந்தேன். பாதி பேரு வெளிய போய்ட்டாங்க. மீதிப் பேரு வாசப்படில நிக்கறாங்க. இப்ப வுட்டா என் பின்னாலயே குடிசைக்கு வந்துருவாங்க.” நூலைத் தடவிக்கொண்டே, “மண்ணூர்பேட்டைக்காரன் தை வரிக்கும்தான் பாப்பானாம். அப்பால வேற பொண்ணு பாத்துக்குவானாம்” என்றார்.

தலைமைக் குமாஸ்தா கத்தரிக்கோலை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

கிடங்குக்குள் ஓர் அமெரிக்கர் இருந்தார். பெட்டிகளில் பாகம் பாகமாக வந்திறங்கும் லாரிகளைச் சேர்த்துப் பூட்டும் வேலை. மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்று பார்க்க எங்களிடம் பழைய கிராம வரைபடம் கேட்டு வந்தார். யுத்தத்துக்கு முன் தன் ஊரில் நில அளவைச் சங்கிலி பிடித்தவராம். நடைமுறை தெரிந்த ஆளைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சி, உட்காரச் சொன்னேன்.

அவருடைய ஊரைக் கவுண்டி என்பார்கள். விசாரித்ததில், தாலுகாவைவிடப் பெரிய பேச்சும் ஜில்லாவைவிடச் சிறிய அதிகாரமும் கொண்டது என்று தெரிந்தது. ஆறு ஒன்றைத் தவிர அங்கே வளைவான பொருளே கிடையாதாம். சாலை, வயல், வேலி எல்லாம் அடிக்கோல் வைத்து இழுத்த சதுரங்கள். சோளம் விளையும். ஜெர்மானியர் ஒரு பக்கம், நார்வேக்காரர் ஒரு பக்கம்; இரண்டு மாதாகோயில்களுக்கும் ஜென்மப் பகை. எந்த ஊரில் கச்சேரி, அதாவது கவுண்டியின் தலைமை ஆபீஸ், இருப்பது என்ற வழக்கில் தோற்றவர்கள், கச்சேரிக் கட்டடத்தையே மாடு பூட்டி இழுத்துப் போனார்களாம். அதை நான் ரசித்தேன். எங்கள் ஆபீஸை அப்படி இழுத்துப்போக எந்த மாடும் சம்மதிக்காது.

வரைபடத்தைச் சுருட்டும்போது அவர் கேட்டார்: “ஆள் இல்லாத ஊரில் மேளம் அடிக்க யாருக்காவது அனுமதி கொடுத்திருக்கிறீர்களா?”

இல்லை என்றேன். விளக்கு வைக்கும் நேரத்தில் ஏரிக்கரைப் பக்கம் பறை கேட்கிறது, கொஞ்ச தூரம் வந்து ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது என்றார். எந்த இடம் என்று வரைபடத்தில் விரல் வைத்தார். எல்லை சுற்றியவரை ஏற்றிக்கொள்ள லாரி நின்ற இடம். கோப்பில் இருந்ததை அவருக்குச் சொன்னேன்.

வைத்த விரலை அவர் எடுக்கவில்லை. பிறகு, அந்தச் சதுரங்கள் வருமுன் தன் கவுண்டியில் வேறு ஜனங்கள், பூர்வகுடிகள், இருந்தார்கள் என்றார். ஏதோ பண்டிகையில் வட்டமாக ஆடிக்கொண்டிருந்தவர்களை ஆட்டம் முடியுமுன்பே ஆற்றுக்கு அப்பால் ஓட்டிவிட்டார்களாம். அந்த இடம் அவருடைய தாத்தாவின் நிலத்துக்குள் வந்தது. ஏர் அதைச் சுற்றிக்கொண்டு போகும். பொழுது சாய்ந்தால் மாடுகள் அந்த வட்டத்தின் விளிம்பில் வரிசையாக நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்றும் கால் வைக்காது.

“எனக்கு உள்ளே போக மனு வேண்டியதில்லை. நான் நடக்கிறேன்” என்றார்.

மார்கழியில் ஒரு மாலை, வேலியோரம் கூடினோம். அத்தனை மாதத்தில் எல்லைக்காரரின் கை இளைத்துப் போயிருந்தது. முடிச்சு அவிழாமலே நூல் வழுக்கி வந்துவிட்டது. அமெரிக்கரின் பருத்த கையில் அது ஏறவில்லை. விரல்களில் சுற்றிக்கொண்டார். புதிதாகச் சோறு பிசைந்த அந்தப் பழைய கலயம் வேலிக்கு மேலாகக் கைமாறியது.

“தொரையாண்ட சொல்லு சாமி. திரும்பிப் பாக்கக் கூடாது. பேர் சொல்லிக் கூப்ட்டா பதில் குடுக்கக் கூடாது.”

சொன்னேன். வெளியே பறை தொடங்கியது. அமெரிக்கர் கரையோரமாகப் போனார். மங்கலில் உருவம் கரைந்தது. பறை அடித்தவன் கையை நிறுத்திய பிறகும் உள்ளே பறை கேட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் கல்லில் கலயம் உடைந்த ஓசை வந்தது, எல்லாம் அடங்கியது.

திரும்பி வந்தவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “கூப்பிட்டார்கள். வீட்டில் மட்டும் கூப்பிடுகிற என் பெயரைச் சொல்லி. நான் திரும்பவில்லை” என்றார்.

தையில் மண்ணூர்பேட்டையில் கல்யாணம் நடந்தது. எனக்கும் வெற்றிலை பாக்கு வைத்தார்கள். அமெரிக்கரை அதற்குள் கிழக்கே எங்கோ மாற்றிவிட்டார்கள். பந்தியில் எல்லைக்காரர் கேட்டார்: “தொரை நூல கல்லாண்டயே அறுத்துப் போட்டாரா சாமி?”

அமெரிக்கர் என்னிடம் கைகுலுக்கி விடைபெற்றபோது மஞ்சள் நூல் அவர் விரல்களில்தான் இருந்தது. அதைச் சொன்னேன்.

எல்லைக்காரர் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். “அத யாரும் சொல்லிக் குடுக்க மாட்டாங்களே. எங்க ஊர்ல கொழந்தைக்குக்கூடத் தெரியுமே.”

பிறகு பறை கேட்கவில்லை. பூட்ஸ் சத்தம் கேட்பதாகக் காவலாளிகள் சொன்னார்கள்: விளக்கு வைக்கும் நேரத்தில், ஏரிக்கரையோரமாக, நிற்காமல். எல்லைக்காரரிடம் சொன்னேன். “எங்களவங்க போய்ட்டாங்க சாமி. அவருதான் இன்னும் சுத்திகினு கீறாரு” என்றார்.

மனுவுக்குப் பதிலும் வந்தது. அனுமதி, நிபந்தனைகளுடன். கடைசி நிபந்தனை: உள்ளே கொண்டுபோன எந்தப் பொருளையும் வெளியே எடுத்துவரக் கூடாது. பாதுகாப்புக்காகப் போட்ட வழக்கமான வரி. அதை எங்கள் ஆபீஸில் நானே பதிவு செய்தேன். அந்தப் பதில் வந்து சேர்ந்தது, அடுத்த ஆடி முதல் வெள்ளிக்கிழமை.